கணக்குக் கேட்கிற கதைகள்



சென்ற மாதத் தபாலில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாகத்தான் இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை எழுதுகிறேன். எழுதியவர் திருமுல்லைவாயிலில் பிளஸ் ஒன் படிக்கிற மாணவி. நோட்டில் இருந்து கிழித்த இரண்டு தாள்கள். முதல் தாள் முழுக்கப் புகார். “உங்கள் பத்திரிகையில் தாத்தாவுக்குக் கோயில் இருக்கிறது, பாட்டிக்கு மூட்டுவலி வைத்தியம் இருக்கிறது, அப்பாவுக்கு அரசியல், அம்மாவுக்குத் தொடர்கதை, தம்பிக்குப் புள்ளிகளை இணைத்து யானை வரைகிற பக்கம். எனக்கு என்ன சார் இருக்கிறது?” என்று கேட்டிருந்தார். பழைய இதழ்களை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான், ஒன்றும் இல்லை.

இரண்டாம் தாளில் ஓர் ஆங்கில நாவலின் பெயர். பெரியம்மா மகளிடம் இரவல் வாங்கி இரண்டே ராத்திரியில் படித்து முடித்தாராம். “நீங்களும் படிங்க சார். படிச்சுட்டு, இதே மாதிரி நம்ம ஊரை வச்சுத் தமிழ்ல ஏதாவது இருக்கான்னு சொல்லுங்க” என்று முடித்திருந்தார். வாசகர்கள் ஆசிரியருக்கு வீட்டுப்பாடம் கொடுப்பது நம் பத்திரிகைக்குப் புதிதில்லை. படித்துவிட்டேன். பதில் ஒரு தபால் அட்டையில் அடங்காது என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நாவலின் பெயர் ‘வான்ட்’. 2017-ல் வெளிவந்தது. எழுதியவர் சிண்டி பான். தைவானின் தலைநகரமான தைபேயில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபோனவர். கதை நடப்பது அவர் பிறந்த ஊரில்தான், ஆனால் இன்னும் சில காலம் கழித்து. வானம் எந்நேரமும் புகைமூட்டமாக இருக்கிறது. காற்றை இழுத்து மூச்சு விட்டாலே நோய். கையில் காசுள்ளவர்கள் தலைக்கவசத்தோடு கூடிய ஓர் உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறார்கள். உடுப்புக்குள் வடிகட்டிய காற்று, அளவான குளிர்ச்சி. காசில்லாதவர்கள் சாதாரண முகமூடியோடு இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் நாற்பது வயதைத் தாண்டுகிறவர்கள் குறைவு.

ஜேசன் ஸோ என்ற இளைஞன், வைத்தியத்துக்கு வழியில்லாமல் அம்மாவைப் பறிகொடுத்தவன். அவனும் நண்பர்களும் சேர்ந்து ஒரு பணக்காரப் பெண்ணை இரவுச் சந்தையில் இருந்து கடத்துகிறார்கள். வருகிற பணத்தில் அவன் பணக்கார வேஷம் கட்டி, அந்த உடுப்புகளைத் தயாரிக்கிற ‘ஜின்’ நிறுவனத்துக்குள் புகுந்து அதைத் தகர்க்க வேண்டும் என்பது திட்டம். கடத்தப்பட்ட பெண்ணோ அந்த முதலாளியின் மகள். நண்பர் கூட்டத்தில் அருண் என்று ஒருவன் இருக்கிறான். தைபேயில் நம் பக்கத்துப் பெயர் ஒன்றைக் கண்டதும் எனக்கு ஓர் அல்ப சந்தோஷம்.

கடத்தல், வேஷம், காதல், வெடிகுண்டு எல்லாம் வேகமாகப் போகின்றன. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. உடுப்பு விற்கிற நிறுவனமே காற்றையும் கெடுக்கிறதோ என்ற சந்தேகம் கதையில் மெல்ல மெல்லத் தலைதூக்குகிறது. காற்று சுத்தமாகிவிட்டால் உடுப்பை யார் வாங்குவார்கள்? நோயைக் கொடுப்பவனே மருந்துக்கடையும் வைத்திருக்கிறான் என்று பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறார் சிண்டி பான். பொருளாதாரப் பாடப்புத்தகம் ஒன்று பல அத்தியாயம் எடுத்துக்கொண்டு சொல்லத் தயங்குகிற விஷயம் இது.

இந்த வகைக் கதைகளை ஆங்கிலத்தில் டிஸ்டோபியா என்கிறார்கள். கெட்டுப்போன ஓர் எதிர்காலத்தில் நடப்பவை. 2008-ல் வந்த ‘ஹங்கர் கேம்ஸ்’ உலகம் முழுக்கப் பதின்ம வயதினரிடையே இதைப் பெரிய அலையாக்கியது. ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1999-ல், ஜப்பானில் கோஷுன் தகாமி ‘பேட்டில் ராயல்’ எழுதிவிட்டார். ஒரு வகுப்புப் பிள்ளைகளைத் தீவில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைக்கும் அரசாங்கத்தின் கதை. ஆசியாவுக்கு இது இரவல் சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்கத்திய எதிர்காலப் படங்களில் ஆசியா எப்போதும் திரைச்சீலையாகத்தான் இருந்திருக்கிறது. 1982-ல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தை நினைத்துப் பாருங்கள். மழை பெய்யும், நியான் விளக்குகளில் கிழக்காசிய எழுத்துகள் மின்னும், தெருவோரக் கடையில் நூடுல்ஸ் கொதிக்கும். நடுவில் ஓடுகிற கதாநாயகன் மட்டும் வெள்ளைக்காரன். ‘வான்ட்’ நாவலில் அந்த நூடுல்ஸ் கடையில் நிற்கிற பையனே கதாநாயகன். ஊரின் சந்துபொந்தெல்லாம் அவனுக்குத் தெரியும், எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்பது தெரியும். அதனாலேயே ஊர் கெட்டுப்போனது அவனுக்கு வலிக்கிறது. நமக்கும் வலிக்கிறது.

சரி, இதை அம்பத்தூரில் உட்கார்ந்து படித்தால் எப்படி இருக்கும்? அதைச் சொல்லாமல் நம் ஊர் மாணவிக்குப் பதில் சொன்னதாகாது.

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வற்றிப்போயின. மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிக் கிடந்த தண்ணீரைக்கூடக் குழாய் போட்டு இழுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து நகரத்துக்குக் கொடுத்தார்கள். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் இருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது. 50 டேங்கர் வேகன்கள், 25 லட்சம் லிட்டர், மேட்டூரில் இருந்து வந்த காவிரித் தண்ணீர். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வில்லிவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குப் போயிற்று. அரக்கோணம் பாதையில் வருகிற எந்த ரயிலும் ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூரைத் தாண்டித்தான் வில்லிவாக்கம் போக முடியும். அடித்தால் காற்று மட்டும் வருகிற தெருப்பம்புகள் நிறைந்த ஊர்களின் நடுவே, ஒரு நகரத்தின் தாகத்துக்கான தண்ணீர் நிற்காமல் ஓடிற்று. எந்த நாவலாசிரியர் எழுதியிருந்தாலும் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டாரோ என்று நினைத்திருப்போம்.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு கதை தலைகீழ். 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து 2015 டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரை முழுக்க வெள்ளக்காடு. 2018-ல் வெளியான இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. ஓர் ஏரி ஒரு வருடம் ஊரை மூழ்கடிக்கிறது, நான்கு வருடத்தில் விளையாட்டு மைதானமாக வெடித்துக் கிடக்கிறது. பூந்தமல்லிக்காரர்கள் இரண்டையும் பார்த்தவர்கள்.

இப்போது நம் வீட்டு மாடிப்படிகளைப் பாருங்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நீலக் கேன். மூடியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் சீல், கழுத்துப் பக்கம் நாள்பட்ட கீறல்கள், அடியில் ஈர வட்டம். தோளில் ஒரு கேன், இடது கையில் இன்னொரு கேன் என்று மூன்றாவது மாடி ஏறி வருகிறார் தண்ணீர் போடுகிற தம்பி. குடிக்க கேன் வாட்டர், சமைக்க மெட்ரோ வாட்டர், துணி துவைக்க போர் தண்ணீர், சம்ப் காய்ந்தால் லாரி. ஒரே வீட்டுக்குள் நான்கு தண்ணீர், நான்கு விலை. கேன் வாங்க முடிகிறவர்களுக்கு ஒரு வயிறு, முடியாதவர்களுக்கு இன்னொரு வயிறு என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்? யாரும் தீர்மானம் போடவில்லை. பழகிவிட்டோம். தைபேக் கதையில் வருகிற உடுப்பு நம் ஊரில் இருபது லிட்டர் கேனாக வாசலில் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நாவலின் பலவீனம் என்று நான் நினைப்பதும் அதுதான். ‘வான்ட்’ கதையில் வில்லன் ஒரே ஆள். உயரமான ஒரே கட்டடத்தில் இருக்கிறான். அதைத் தகர்த்தால் விடியும் என்று நம்ப இடம் இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படி ஒரு கட்டடத்தைக் காட்ட முடியாது. திருமழிசைப் பக்கம் விவசாயம் கட்டுப்படியாகாமல் வயல் கிணற்றுத் தண்ணீரை லாரிக்கு விடுகிறவர் நம் உறவுக்காரர். லாரி வைத்திருப்பவர் கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறார். ஆறு வீடு கட்டி விற்பவர் ஏரி வாய்க்காலை இரண்டடி உள்ளே தள்ளுகிறார். அதே வீட்டை வாங்குபவர் நாமேதான். 2020-ன் தொடக்கத்தில் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் அனுமதியில்லாத குடிநீர் ஆலைகளுக்குச் சீல் வைத்தபோது, “கேன் வரலையே” என்று கையைப் பிசைந்ததும் நாம்தான். நம் ஊர் வில்லன் தவணை முறையில் நம் எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறான். அவனை வைத்து நாவல் எழுதுவது ஜின் நிறுவனத்தை வைத்து எழுதுவதைவிடக் கஷ்டம். எழுதப்பட்டால் இன்னும் பெரிய நாவலாக இருக்கும்.

உடுப்பு என்றதும் ஆவடிக்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வந்திருக்கும். ஓ.சி.எஃப். என்று நாம் சொல்கிற படைத்துறை உடைத் தொழிற்சாலை. ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற இடம். 2020-ல் கொரோனா வந்தபோது, தலை முதல் கால் வரை மூடுகிற பாதுகாப்பு அங்கிகளை அங்கே தைத்தார்கள். சிண்டி பான் தைபேயில் கற்பனை செய்த உடுப்பு, மூன்றே ஆண்டுகளில் ஆவடியில் தையல் இயந்திரத்தின் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டவர்கள் நாவலில் வருகிற செல்வந்தர்கள் இல்லை. செவிலியர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், சுடுகாட்டில் நின்றவர்கள். அதே உடுப்பு, நேர் எதிரான பொருள். நாவலாசிரியர் பார்க்கத் தவறிய பாதியை நம் ஊர் காட்டிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் இந்தக் கதையை எழுதினால், உடுப்பைத் தைக்கிற அம்மா ஒருத்தி அதில் கட்டாயம் இருப்பாள்.

எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவதற்கு நம் பகுதிக்குத் தனித் தகுதியே உண்டு. 1955 ஜனவரியில் ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மாநாடு நடந்தது. தேபர் தலைமை வகித்தார். நேரு வந்திருந்தார். அப்போது காமராஜர் முதலமைச்சர். சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பதே நாட்டின் லட்சியம் என்ற தீர்மானம் அந்தப் பந்தலில்தான் நிறைவேறியது. இந்தியா எப்படி இருக்க வேண்டும் என்ற கனவை ஆவடி மண்ணில் உட்கார்ந்து எழுதினார்கள். கனவு பேச்சோடு நிற்கவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் இங்கே டேங்க் ஃபேக்டரி வந்தது, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட் எழுந்தது. லேத் பட்டறையிலும் ஃபவுண்டரியிலும் வேலை தேடி வெளியூர்களில் இருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நமக்குக் கடிதம் எழுதுகிறார்கள்.

தாத்தா நல்ல எதிர்காலத்தை நம்பி ரயிலேறி வந்தார், பேத்தி கெட்ட எதிர்காலத்தைக் கதையாகப் படிக்கிறாளே என்று சிலர் வருத்தப்படலாம். எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத்தான் படுகிறது. தீர்மானம் போடுகிறவர் ‘இப்படி நடக்க வேண்டும்’ என்கிறார். டிஸ்டோபியா எழுதுகிறவர் ‘நடந்ததா, நடக்காவிட்டால் யார் பொறுப்பு’ என்று கணக்குக் கேட்கிறார். வரவு எழுதுகிற கை ஒன்று, தணிக்கை செய்கிற கை ஒன்று. எந்த வீட்டுக் கணக்கிலும் இரண்டும் வேண்டும்.

இனி அந்த மாணவி கேட்ட நேர்க் கேள்விக்கு வருகிறேன். தமிழில் இப்படி ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது அம்மா. உன் அப்பாவிடம் கேட்டுப் பார், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு தூர்தர்ஷனிலும் வந்தது. நாம் இப்போது வாழ்ந்துகொண்டிருக்கிற இந்த 2020-களைத்தான் அவர் அன்று எதிர்காலமாக வைத்து எழுதினார். ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. மனிதர்களின் பெயர்கள் சுருக்கப்பட்டுவிட்டன, எல்லோருக்கும் எண். நிலா என்ற பெண்ணுக்கு ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளவே அரசாங்க அனுமதி வேண்டும். அவள் கணவன் சிபி காணாமல் போகிறான். அவளுக்குத் துணையாக வருகிறது ஜீனோ என்கிற இயந்திர நாய். அது புத்தகம் படிக்கும், யோசிக்கும், வாயும் அடிக்கும். ஜீவா உண்மையில் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் கையோடு வைத்துக்கொள்.

சுஜாதா என்கிற ரங்கராஜன் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. ஓட்டுப் போடுகிற பெட்டியைச் செய்வதில் பங்குகொண்டவரே ஓட்டில்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்தார். ஒரு சாதனத்தின் நல்லது கெட்டது இரண்டும் அதைச் செய்கிறவருக்குத்தான் முதலில் தெரியும் போலிருக்கிறது. டேங்க் ஃபேக்டரியிலும் எஸ்டேட்டிலும் பட்டாபிராம் டைடல் பார்க்கிலும் வேலை பார்க்கிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் பின்னால் போனால் இன்னோர் ஆச்சரியம். 1905-ல் ரொக்கையா சகாவத் ஹுசைன் என்ற வங்காளத்துப் பெண்மணி ‘சுல்தானாவின் கனவு’ என்று ஒரு கதை எழுதினார். பெண்கள் ஆளுகிற நாடு. சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள், மேகத்தில் இருந்தே நேராகத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறார்கள், ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். உலகம் இன்று கொண்டாடுகிற அந்தக் கதை முதலில் அச்சானது நம் மெட்ராஸில். கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ அதை வெளியிட்டது. அது நல்ல எதிர்காலத்தின் கதை, சுஜாதாவுடையது கெட்ட எதிர்காலத்தின் கதை. இரண்டுக்கும் முதலில் இடம் கொடுத்தது பத்திரிகைப் பக்கங்கள். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் பெருமையும் இருக்கிறது, கொஞ்சம் உறுத்தலும் இருக்கிறது.

உறுத்தல் எதற்கு என்றால், அதற்குப் பிறகு பதினைந்து வயதுக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்டால் வாய் அடைத்துப்போகிறது. குழந்தைகளுக்கு நன்றாக எழுதுகிறவர்கள் தமிழில் இருக்கிறார்கள். கீழடியை மையமாக வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ இளையோர் நாவலுக்கு 2023-ல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னால் போகத் தமிழ்ப் பிள்ளைக்கு வண்டி கிடைத்துவிட்டது. இருபது ஆண்டுகள் முன்னால் போக வண்டி எங்கே? ஆங்கிலத்தில் இருக்கிறது. சமித் பாசு டெல்லியை வைத்தும், லாவண்யா லட்சுமிநாராயண் பெங்களூருவை வைத்தும் எழுதிவிட்டார்கள். எஸ்.பி. திவ்யாவின் ‘மெஷின்ஹுட்’ நாவலில் ஒரு பகுதி சென்னையிலேயே நடக்கிறது. சென்னையின் எதிர்காலத்தைச் சென்னைப் பிள்ளை ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும் என்பது எனக்குச் சம்மதமில்லை.

“பரீட்சை நேரத்தில் இந்த மாதிரி இருட்டுக் கதைகள் எதற்கு, பிள்ளைகள் மனசு கெட்டுப்போகாதா?” என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. என் அனுபவத்தில் பிள்ளைகள் பயப்படுவது கதைக்கு இல்லை. வீட்டில் பெரியவர்கள் குரலைத் தணித்துப் பேசிக்கொள்கிற விஷயங்களுக்குத்தான். வேலை போய்விடுமோ, வாடகை ஏறுமோ, போர் இன்னும் எத்தனை அடி இறக்க வேண்டும் என்பதெல்லாம் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத் தெளிவாகக் கேட்கும். கதை அந்தப் பயத்துக்கு ஒரு முகம் கொடுக்கிறது, ஒரு பெயர் கொடுக்கிறது, எதிர்த்து நிற்கிற நண்பர்கள் நாலு பேரைக் கொடுக்கிறது. இந்த நாவல்களில் எந்தப் பிள்ளையும் தனியாகப் போராடுவதில்லை. அதைப் படித்தால் மனசு கெடாது. கேள்வி கேட்கிற வழக்கம் வரும். அது வந்தால் வீட்டில் நமக்குக் கொஞ்சம் சிரமம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே பிள்ளைகளே, இதழில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இதோ பதில். அடுத்த இதழில் இருந்து மாதம் நான்கு பக்கங்கள் உங்களுக்கு. பதின்மூன்று முதல் பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் யாரும் எழுதலாம். இன்னும் முப்பது நாற்பது வருடம் கழித்து உங்கள் ஊர். அம்பத்தூரோ, ஆவடியோ, பூந்தமல்லியோ, நீங்கள் படிக்க வந்த ஊரோ, விட்டுவந்த ஊரோ, எதுவானாலும் சரி.

சில நிபந்தனைகள் உண்டு. விண்கலம் வேண்டாம், இருப்பதை வைத்தே எழுதுங்கள். ஊரில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ஏரியில்லாத அம்பத்தூர் என்றால் அது மட்டும். எல்லோர் வேலையையும் இயந்திரமே செய்கிற எஸ்டேட் என்றால் அது மட்டும். மற்றதெல்லாம் நமக்குத் தெரிந்த ஊராகவே இருக்கட்டும். ஓ.டி. பஸ் ஸ்டாண்டு இருக்கட்டும், ஷேர் ஆட்டோ இருக்கட்டும், கதாநாயகிக்குப் பசித்தால் அவள் சாப்பிடுகிற கடைக்குப் பெயர் இருக்கட்டும். அந்த ஒரு மாற்றத்தால் யாருக்கு லாபம், யார் தலையில் நஷ்டம் என்பது கதையை முடிக்கும்போது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். வில்லன் ஒரே ஆளாக இருந்தால் திருப்பி அனுப்பி, இன்னும் கொஞ்சம் யோசிக்கச் சொல்வேன். முடிவு சோகமா சந்தோஷமா என்பது உங்கள் இஷ்டம். ஆயிரத்து ஐந்நூறு சொற்களுக்குள் அடக்குங்கள். கையெழுத்துப் பிரதியாக அனுப்பினால் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள், எங்கள் அச்சுக்கோப்பாளர் கண்ணாடி மாற்றி ரொம்ப நாளாகவில்லை.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். பழைய விகடன் பைண்டிங்கில் இருந்தோ புத்தகமாகவோ ‘என் இனிய இயந்திரா’வை எடுத்து, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிற ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். அறிவுரை எதுவும் சொல்லாமல் கொடுங்கள். படித்து முடித்ததும் அவர்கள் கேட்கிற கேள்விகளில் ஒன்றை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருந்தால் ரொம்ப நல்லது, அதை முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.

திருமுல்லைவாயில் மாணவிக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் கதை உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். உன் கடிதத்தின் ஓரத்தில், தைபே இரவுச் சந்தை நம் ஊரில் எங்கே இருக்கும் என்று பென்சிலால் குறித்து, பிறகு அடித்திருந்தாயே, அதைப் பார்த்துவிட்டேன். நீ பாதிக்கு மேல் எழுதிவிட்டாய் என்பது என் அனுமானம். மீதியையும் எழுதி இம்மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
ஆசிரியர்